மீப்பெரு பகாக் காரணியும் ஒரு சார்பின் பெயரும்

360ஐப் பகாக் காரணிகளாகப் பகுத்தால் அவற்றுள் மிகப் பெரியது 5. அடுத்து நிற்கும் 361க்கு அது 19. அதற்கும் அடுத்த 362க்கு 181. தனித்தனியே நோக்கினால் எவ்வித ஒழுங்கும் தென்படாது. பெருங்கூட்டமாக நோக்கினால் வியக்கத்தக்க ஒழுங்கு வெளிப்படும். ஒரு பேரெல்லை வரையுள்ள முழு எண்களில், தம் மீப்பெரு பகாக் காரணி அவ்வெல்லையின் வர்க்கமூலத்தைத் தாண்டாதவை ஏறத்தாழ 30.7 விழுக்காடு. கனமூலத்தைத் தாண்டாதவை 4.9 விழுக்காடு. நான்காம் மூலத்துக்கு அரை விழுக்காடு மட்டுமே. (இவை எல்லை முடிவிலியை நோக்கிச் செல்கையில் கிட்டும் மதிப்புகள். 100 வரை எண்ணிப் பார்ப்பவருக்கு 46 எண்கள் கிடைக்கும். ஒழுங்கு மெல்லத்தான் வந்து சேர்கிறது.)

முதல் மதிப்பின் காரணம் எளிது. எல்லைக்குட்பட்ட ஓர் எண்ணுக்கு வர்க்கமூலத்தைவிடப் பெரிய பகாக் காரணி ஒன்றுக்கு மேல் இருக்க இயலாது. இரண்டு இருந்தால் அவற்றின் பெருக்கற்பலனே எல்லையைக் கடந்துவிடும். எனவே அத்தகைய ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் மடங்குகளைக் கழித்தால் போதும். அப்பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டினால் 2இன் இயல் மடக்கை, அதாவது 0.693, கிட்டும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே மெர்டன்ஸ் நிறுவிய முடிவு. கனமூலத்துக்கு இறங்கும்போது இரண்டு பெரிய காரணிகள் உடைய எண்கள் இருமுறை கழிக்கப்படுவதால் அவற்றைத் திரும்பக் கூட்ட வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் தொகையீட்டுக்குள் தொகையீடாகக் கோவை நீண்டுகொண்டே போகும். இக்கோவை வரையறுக்கும் சார்புக்கு இன்று டிக்மன் சார்பு என்று பெயர்.

கார்ல் டிக்மன் சுவீடன் நாட்டவர். ஆயுள் காப்பீட்டுக் கணக்கீட்டாளர். 1930இல் வெளிவந்த ஒற்றைக் கட்டுரையில் இச்சார்பை முன்வைத்தார். அவர் தந்தது கடும் நிறுவலன்று. ஏற்கத்தக்க வாதம் மட்டுமே.

ஆனால் இக்கேள்வியின் தொடக்கம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ஒருவரின் கடிதத்திலும் உள்ளது. 1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், 2, 3 ஆகிய இரண்டை மட்டுமே பகாக் காரணிகளாகக் கொண்ட எண்கள் ஓர் எல்லைக்குள் எத்தனை என்பதற்கு ஒரு வாய்பாடு இருந்தது. எல்லையின் இருமடங்கு, மும்மடங்கு ஆகியவற்றின் மடக்கைகளைப் பெருக்கி, 2, 3 ஆகியவற்றின் மடக்கைகளின் பெருக்கற்பலனுடைய இருமடங்கால் வகுக்க வேண்டும். 1000 என்ற எல்லைக்கு வாய்பாடு தருவது 39.96. விரல்விட்டு எண்ணினால் 40. ஹார்டி பின்னாளில் ராமானுஜனைப் பற்றி ஆற்றிய பன்னிரு சொற்பொழிவுகளில் ஒன்றை இச்சிக்கலுக்கே ஒதுக்கினார்.

அதனினும் வலிய சான்று 'தொலைந்த குறிப்பேடு' 1988இல் பிற வெளிவராத தாள்களுடன் நிழற்பதிப்பாக வந்தபோது வெளிப்பட்டது. எல்லையின் குறிப்பிட்ட அடுக்கைத் தாண்டாத பகாக் காரணிகளை மட்டுமே உடைய எண்களின் தொகையை, அடுக்கு பாதிக்கு மேல், மூன்றிலொன்றுக்கு மேல் என வீச்சு வீச்சாகப் பிரித்து, மேற்சொன்ன அடுக்குத் தொகையீடுகளால் ராமானுஜன் அங்கே எழுதியிருந்தார். நிறுவல் இல்லை. எழுதிய நாள் எதுவாயினும் அவர் மறைந்தது 1920 ஏப்ரலில்; ஆகவே டிக்மனுக்குக் குறைந்தது பத்தாண்டு முந்தியது. 1988க்கு முன் எவரும் அச்சில் காண இயலாத தாளை டிக்மன் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்மேல் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. இந்தியக் கணிதக் கழகம் 1907இல் தொடங்கியபோது அதன் நூலகம் புனே பெர்குசன் கல்லூரியில் அமைந்தது. அயல்நாட்டு இதழ்கள் அங்கு வந்து, அங்கிருந்து அஞ்சலில் உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு அனுப்பப்பட்டன. சிற்றூர்க் கல்லூரி ஆசிரியருக்கும் ஐரோப்பிய ஆய்வு கைக்கு எட்டியது அவ்வாறுதான். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் வெளிவந்ததும் அக்கழகத்தின் இதழிலேயே. அதே இதழில் 1947இல் எஸ். சௌலாவும் தி. விஜயராகவனும் முழு எண்களின் மீப்பெரு பகாக் காரணிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினர். விஜயராகவன் தென்னார்க்காட்டில் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்றவர். பின்னர்ச் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநர்.

1949இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வி. ராமசாமி பிழையளவுடன் கூடிய கடும் நிறுவலை வெளியிட்டார். (கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. ராமசாமி ஐயர் வேறொருவர், இருவரையும் குழப்பலாகாது.) அவ்வாண்டில் அவர் இப்பொருளில் எழுதிய இரு கட்டுரைகளும் அமெரிக்க இதழ்களில் வந்தவை, அவற்றுள் ஒன்றின் தலைப்பிலேயே எஸ். எஸ். பிள்ளையின் சிக்கல் ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்த பிள்ளை, 1950 ஆகஸ்டில் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்டார்.

எனவே இந்தியக் கட்டுரைகள் உலகின் கண்ணில் படவில்லை என்ற வழக்கமான விளக்கம் இங்கே முழுதாகச் செல்லாது. அறிவியலில் ஒரு பெயர் நிலைபெறுவதற்குக் கண்டறிதலோ நிறுவலோ மட்டும் போதுவதில்லை. அடுத்து வருபவர் எக்கட்டுரையைச் சுட்டி எழுதுகிறார் என்பதே பெயரை ஒட்டவைக்கிறது. ஒட்டிய பெயர் பாடநூல் ஏறியபின் எவரும் மூலத்தைப் புரட்டுவதில்லை. இச்சார்பைச் சிலர் டிக்மன்–டி புருயின் சார்பு என்றும் வழங்குவர். நெதர்லாந்தின் டி புருயினுக்கு அத்தகுதி உண்டு. அடுக்கின் வீச்சு மாறும்போதும் செல்லுபடியாகும் மதிப்பீடுகளைத் தந்தவர் அவர். அச்சார்பு எத்தனை விரைவாகச் சரிகிறது என்பதைத் துல்லியமாகக் கூறும் அவரது 1951ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்த இடம், இந்தியக் கணிதக் கழகத்தின் அதே இதழ்.