மின்துறப்பணமும் மனிதன் கையும்

கையிற் பிடித்து வேலை செய்யும் துறப்பணம் மின்சாரத்தாற் சுழலத் தொடங்கியது 1895ஆம் ஆண்டில். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலே ஃபைன் நிறுவனத்தார் செய்த அக்கருவி ஏறக்குறைய ஏழரைக் கிலோகிராம் நிறையுடையது. அதற்கு இன்றைய வடிவைத் தந்தவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் பிளாக், டெக்கர் என்னும் இருவர். கைத்துப்பாக்கியின் பிடியையும் விசையையும் துறப்பணத்திற் பொருத்தி, 1917இல் அவர்கள் காப்புரிமை பெற்றனர். விரலை மடக்கினாற் கருவி ஓடும், தளர்த்தினால் நிற்கும்.

இந்த எளிமைக்குள்ளேயே ஆபத்தும் இருந்தது. அக்காலக் கருவிகளின் உடல் உலோகத்தாலானது. உள்ளே செல்லும் கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டுவிட்டால், கருவி முழுவதும் மின்னேறிவிடும். அதைப் பற்றியவன் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால், மின்சாரம் நிலத்தை அடைய அவனுடலே வழியாகும். அப்பொழுது கையை எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். எடுக்க முடியாது என்பதே இவ்விபத்தின் கொடுமை. விரல்களை மடக்கும் தசைகள் அவற்றை நீட்டும் தசைகளிலும் வலியவை. முன்கையூடே மின்சாரம் பாயும்போது இரண்டும் ஒருங்கே சுருங்க, மடக்கும் தசைகளே வெல்லுகின்றன. மின்சாரம் ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று பொதுமக்கள் சொல்வதுண்டு. உண்மையில், பிடித்துக்கொண்டிருப்பது அவனுடைய கையேதான்.

எவ்வளவு மின்னோட்டம் வரையில் மனிதன் தன் கையை விடுவித்துக்கொள்ள முடியும்? இதனை அளந்தறிந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாள்ஸ் டல்சீல். தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு அவர் சோதனை நடத்தினார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லியம்பியர், பெண்களுக்கு பத்தரை மில்லியம்பியர். அதற்கு மேல் கை கட்டுப்பட்டுவிடும். ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும் பாதுகாப்பான எல்லை ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 என்றும் அவர் கணித்தார்.

வீட்டிலுள்ள உருகியோ 13 அம்பியர் அளவினது. அதாவது 13,000 மில்லியம்பியர். உருகி இருக்கையில் உயிருக்கு என்ன பயம் என்று இன்றும் எண்ணுவோர் பலர். கம்பி சூடேறித் தீப்பற்றாமற் காக்கவே உருகி தோன்றியது. மனிதன் துடிதுடித்துக் கொண்டிருக்கையிலும் அது அசையாமல் இருந்துவிடும்.

உருகியையும் உயிர்காக்க உதவச் செய்தது மூன்றாவது கம்பி. கருவியின் உலோக உடலை நிலத்தோடு இணைத்துவிட்டால், பழுது நேர்ந்த கணமே பெருமின்னோட்டம் அவ்வழியே பாய்ந்து உருகியை உருக்கிவிடும். அமெரிக்காவில் பிலிப் லாப்ரே என்பவர் மூன்று முனைச் செருகிக்கு 1928இற் காப்புரிமை பெற்றார். பிரித்தானியாவில் 1947இல் வந்த சதுரமுனைச் செருகியில் நிலக்கம்பியின் முனை மற்றவற்றிலும் நீளமானது. உள்ளே போகும்போது முதலிலும், கழற்றும்போது இறுதியிலும் அதுவே தொடர்புறும். எனினும் பழைய அமெரிக்க வீடுகளில் இரண்டு துளைகளே இருந்தமையால், மூன்றாவது முனையை முறித்தெறிந்தோர் பலர். இரண்டு கம்பி மட்டுமே உள்ள நீட்டு வயரை இடையில் இணைப்பவர் செய்வதும் அதுதான். முறித்தது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

பின்னர், பிளாஸ்டிக் உடலும் இரட்டைக் காப்பும் கொண்ட கருவிகள் பரவின. சதுரத்துள் சதுரம் அவற்றின் அடையாளம். அவற்றுக்கு நிலக்கம்பி வேண்டியதில்லை. பிரித்தானியக் கட்டட வேலைத்தளங்களில் 110 வோல்ற்று மின்மாற்றிகள் வழக்கத்துக்கு வந்தன. அவற்றின் சுருள் நடுவில் நிலத்தோடு இணைக்கப்படுவதால், நிலத்தில் நிற்பவனைத் தாக்கக்கூடியது 55 வோல்ற்று மாத்திரமே.

ஆனால் பெரிய மாற்றத்தை விளைத்தது 1961இல் டல்சீல் அமைத்த சாதனம். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஓயாது ஒப்பிட்டுப் பார்க்கும். 5 மில்லியம்பியர் அளவு குறைந்தாலும், எங்கோ வழிதவறிச் செல்கிறது எனக் கொண்டு ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அமெரிக்க மின்விதிகள் முதலில் 1968இல் நீச்சற்குள விளக்குகளுக்கும், 1970களிற் கட்டட வேலைத்தளங்களுக்கும் இதனைக் கட்டாயமாக்கின. இலங்கை வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் என வழங்குவது இவ்வினத்ததே. அது பெரும்பாலும் 30 மில்லியம்பியரில் இயங்குவது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்போர் மிகச் சிலர்.

இச்சாதனத்துக்கும் புலப்படாதவை உண்டு. நிலத்தோடு தொடர்பில்லாது மரப்பலகையில் நிற்பவன் இரு கம்பிகளையும் இரு கைகளாற் பற்றினால், சென்றதும் திரும்பியதும் சமமாகவே இருக்கும், சாதனம் வாளாவிருக்கும். சுருளிற் சுற்றியபடியே பயன்படுத்தப்படும் நீட்டு வயரின் சூட்டையும் அது அறியாது. உள்வரிசைகளின் வெப்பம் வெளியேற வழியின்றி உறை இளகிவிடும். வயர்ச் சுருள்களின் மேல் இரண்டு அளவுகள் பொறிக்கப்பட்டிருப்பது இதனாலேயே: முழுவதும் விரித்தபோது தாங்குவது ஒன்று, சுற்றியபோது தாங்குவது, அதனிலும் மிகக் குறைந்த மற்றொன்று.