மதுரைக் கோட்டைச் சுவர் எங்கே போச்சு?

சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதின்னு மதுரைத் தெருக்களுக்கு மாசப் பேரு இருக்கு. அதைத் தாண்டினா வெளி வீதி. எதுக்கு வெளியே? கோட்டைக்கு வெளியே.

நாகமலை புதுக்கோட்டைல பஸ் ஏறி பெரியார் நிலையத்துல இறங்குறவங்க, அந்தப் பழைய கோட்டையோட மேற்கு ஓரத்துலதான் இறங்குறாங்க. 16-ஆம் நூற்றாண்டுல விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை அது. சுத்தி அகழி.

1830-கள்ல கலெக்டரா இருந்தவர் பிளாக்பர்ன். நாயக்கர் ஆட்சி முடிஞ்சு ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருந்தது. சுவருக்குள்ள ஊர் நெரிசல்ல திணறுச்சு. சுவரை இடிக்க முடிவாச்சு, ஆனா செலவு? அவர் ஒரு வழி கண்டுபிடிச்சார்: யார் சுவரை இடிச்சு அகழியை மூடுறாங்களோ, அந்த இடம் அவங்களுக்கே. ஜனங்க கடப்பாரையோட இறங்கிட்டாங்க. 1840-கள்ல வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் உருவாச்சு. மாரட் நில அளவை செஞ்சவர். பெருமாள் வேலையை நடத்தின மேஸ்திரி. பிளாக்பர்ன் நினைவா வச்சதுதான், நீங்க துணி எடுக்கப் போற விளக்குத்தூண்!

இதே வேலையை வியன்னாவும் செஞ்சது, மதுரைக்கு அப்புறம். 1857-ல பேரரசர் உத்தரவு போட்டார். சுவர் இருந்த இடத்துல மரங்கள் வரிசையா நிக்கிற அகலமான வளையச் சாலை, பூங்காக்கள், அரங்குகள். அதுக்கும் முன்னாடி, 17-ஆம் நூற்றாண்டுல பாரிஸ் தன் மதிலை எடுத்துட்டு மரம் நட்ட நடைபாதை போட்டுச்சு. 'புல்வார்' என்கிற சொல்லே கோட்டை அரணைக் குறிச்ச சொல்தான்.

வித்தியாசம் எங்கே? வியன்னா நிலத்துல ஒரு பகுதியை வித்து, அந்தக் காசுல பொதுக் கட்டடங்களைக் கட்டுச்சு. மதுரைல நிலமே கூலி. அரசுக்குச் செலவு மிச்சம், ஜனங்களுக்கு வீட்டு மனை கிடைச்சது. சாதாரண ஆளுக்கு அது பெரிய விஷயம், குறைச்சு சொல்ல முடியாது. ஆனா ஊரைச் சுத்தி ஒரு பசுமை வளையம் வர்ற வாய்ப்பு அப்பவே கைமாறிடுச்சு. மே மாச மத்தியானம் மேல வெளி வீதில நடந்தா நிழலைத் தேடி அலையுறோமே, அந்தக் கதைல இந்தப் பேரத்துக்கும் பங்கு உண்டு.

பொது நிலம் ஒரு தடவை மனையாயிட்டா திரும்பப் பொது நிலமாகாது. இன்னைக்கு ஊர் நாகமலை வரைக்கும் நீளுது. இங்கே கண்மாய்க்கரையும் புறம்போக்கும் இன்னும் மிச்சம் இருக்கு. அதுல எது பொதுவா நிக்கணும்னு கேட்க வேண்டிய நேரம் இதுதான். பெரியார் நிலையம் பக்கத்துல கோட்டைச் சுவரோட ஒரு துண்டு இன்னும் நிக்குது, ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!