‘வசூல் பண்ணு’ முதல் ‘ஹேண்ட் ஓவர் பண்ணு’ வரை: ஓசூர் எல்லைப் பேச்சில் ஆங்கில ஒட்டுவினைகள்

‘மிஷினை ஆஃப் பண்ணிட்டேன்’, ‘செட்டப் மாத்தணும்’, ‘நைட் ஷிப்டுக்கு ஹேண்ட் ஓவர் பண்ணியாச்சு’ என்பவை ஓசூர் சிப்காட் பகுதியில் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியங்கள். வினையோடு அப், ஆஃப், ஓவர், டவுன் போன்ற சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் இத்தகைய ஆங்கில வினைகளை இக்கட்டுரை ‘ஒட்டுவினை’ என்று குறிக்கிறது. ஆங்கில வகுப்பில் மாணவரைப் பாடாய்ப் படுத்துபவை இவை. பள்ளியைப் பாதியில் விட்டவர்கூட ஆலைக்குள் இவற்றைத் தடுமாறாமல் பேசுவது எப்படி? ஆலை கற்றுக்கொடுத்தது என்பது வழக்கமான பதில். அதில் பாதிதான் உண்மை. இச்சொற்கள் வந்து அமர்ந்த இடத்தைத் தமிழ் வெகுகாலம் முன்பே ஒதுக்கி வைத்திருந்தது.

அதற்கு இப்பகுதியின் பழைய வரிக் கணக்கே சான்று. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமான பாராமகால் 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையாலும், ஓசூர் மேட்டுநிலம் 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னும் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயின. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கு நிலவரி முறையை வகுத்தபோது வசூல், ஜப்தி, பாக்கி போன்ற பாரசீக, அரபுச் சொற்கள் வரிக் கணக்கில் ஊறியிருந்தன. தமிழ் இவற்றைப் பெயராக எடுத்துக்கொண்டு, காலத்தையும் இடத்தையும் காட்டும் வேலையைப் ‘பண்ணு’வுக்குக் கொடுத்தது: வசூல் பண்ணினான், ஜப்தி பண்ணுவார்கள். வடமொழிச் சொற்களுக்கும் இதே வழிதான். ‘பூசை பண்ணு’, ‘தானம் பண்ணு’ ஆகியவற்றை யாரும் கலப்பு மொழி என்று குறை சொல்வதில்லை. ‘செக் பண்ணு’ என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

ஆங்கில ஒட்டுவினைகளில் முன்பே வந்து வேரூன்றியவை பலவும் பெயராகவோ கட்டளையாகவோ நின்றவை. காவல் நிலையத்து ‘லாக்கப்’, பேருந்து நடத்துநரின் ‘ஓல்டான்’ இரண்டும் அப்படி. தொழிற்சட்டம் வேறு சில சொற்களைக் கொணர்ந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து ‘லாக் அவுட்’டும், 1953ஆம் ஆண்டின் திருத்தத்திலிருந்து ‘லே ஆஃப்’பும் தொழிற்சங்கப் பேச்சுக்கு வந்தன. முன்னதற்கு நாளேடுகள் ‘கதவடைப்பு’ என்று எழுதி அதை நிலைநாட்டின. ‘லே ஆஃப்’ அப்படியே தங்கிவிட்டது.

தொழிற்பேட்டைகளை அமைக்கும் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் உருவானது. 1980இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை இயங்கத் தொடங்கியது. டிவிஎஸ் 50 மொபெட்டும் ஓசூரிலிருந்து அதே ஆண்டில் வந்தது. சில ஆண்டுகளில் டைட்டன் கடிகார ஆலையும் சேர்ந்தது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள ஊர்களிலிருந்தும், தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த ஐடிஐ இளைஞர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். தமிழர் ‘ஆஃப் பண்ணு’ என்றால் கன்னடர் ‘ஆஃப் மாடு’ என்பார், தெலுங்கர் ‘ஆஃப் செய்யி’ என்பார். இயந்திரம் தானே நின்றுபோனால் தமிழில் ‘பிரேக்டவுன் ஆயிடுச்சு’. மற்ற இரண்டிலும் ‘ஆகு’வுக்கு இணையான வினையே அங்கு வருகிறது. அச்சு ஒன்று, கடைசிச் சொல் மட்டும் வேறு. ஆகவே ஒருவர் கற்ற ஒட்டுவினை பக்கத்திலிருப்பவருக்கும் உடனே பயன்பட்டது. மகாராஷ்டிர எல்லைக் கிராமமான குப்வாரில் மராத்தி, கன்னடம், உருது மூன்றின் வாக்கிய அமைப்பும் நெருங்கி வந்திருந்ததை மொழியியலாளர்கள் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் காட்டினார்கள். அங்கே அது நீண்டகாலக் கலப்பின் விளைவு. இங்கே நெருக்கம் முன்பே இருந்தது. ஆலை அதைப் பயன்படுத்திக்கொண்டது.

இந்த அச்சுக்குள் வந்ததும் ஒட்டுவினையின் ஆங்கில இலக்கணம் கழன்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவே செயப்படுபொருள் புகலாம். தமிழில் அந்தப் பிளவுக்கு இடமில்லை. ‘சுவிட்ச் ஆஃப்’பில் வினையே உதிர்ந்து, சிறுசொல் மட்டும் பிழைத்தது. அது மனிதர்கள்மேலும் ஏறி, வாயடைத்துப் போனவரை ‘ஆஃப் ஆயிட்டான்’ என்கிறது. ‘பில்டப்’ கட்டுமானத்தை விட்டு வீண்பெருமை ஆகியிருக்கிறது.

வராதவற்றையும் கவனிக்க வேண்டும். ஒருவரைப் பேணுதல், ஒன்றைப் பொறுத்தல், பிடிவாதத்தைக் கைவிடுதல் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒட்டுவினைகள் ஏராளம். அவற்றில் ஒன்றும் ஆலைப் பேச்சில் தங்கவில்லை. பார்த்துக்கொள், பொறுத்துக்கொள், விட்டுக்கொடு என்று துணைவினை சேர்த்து அந்த வேலையைத் தமிழே செய்துவிடுகிறது. தமிழின் துணைவினைகளை மொழியியலாளர் ஹெரால்டு ஷிஃப்மன் 1969இலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ‘ஹேண்ட் ஓவர் பண்ணிட்டேன்’ என்பதிலும் வேலை முடிந்ததைச் சொல்வது ‘விடு’தான், ஆங்கிலம் செயலுக்குப் பெயர் மட்டும் தந்திருக்கிறது. எனவே இதைத் தமிழின் சிதைவு என்று புலம்புவதற்கு வாக்கிய அமைப்பில் ஆதாரம் இல்லை. சொல்வளத்தில் இழப்பு உண்டு, அதை மறுக்க முடியாது: ‘அணை’ என்ற வினை இன்று பலர் வாயில் அடுப்புக்கும் விளக்குக்கும் சுருங்கிவிட்டது.

1980இல் இந்த ஆலைகளில் சேர்ந்த முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். மூன்று மொழி பேசும் அவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்யும் பணியைச் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் மொழித்துறைகள் இனியும் தள்ளிப்போடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.