மூச்சுக்கு வழிவிட்ட குழாய்

புற்றுநோய் முற்றினால் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும்; மூச்சு திணறும்.

ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே விலாவுக்கிடையே கீறிச் சீழை வடித்தார்கள். ஆனால் கீறிய வழியே காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். 1850இல் அமெரிக்க மருத்துவர் மாரில் வைமன் மெல்லிய குழல் ஊசியோடு உறிஞ்சு பம்பை இணைத்தார். காற்று புகாமல் நீர் வந்தது. பாஸ்டன் மருத்துவர் ஹென்றி பவுடிச் அம்முறையைப் பரப்பினார்.

புற்றுநோயிலோ எடுத்த நீர் மறுபடியும் சேரும். மறுபடியும் ஊசி, மறுபடியும் ஆஸ்பத்திரி. மார்பிலேயே தங்கும் மெல்லிய குழாய்க்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்த பிறகு, பயிற்சி பெற்ற வீட்டாரே நீரைப் புட்டியில் வடிக்க முடிந்தது.

நோய் தீராது. ஆனாலும் சொந்தக் கட்டிலில் சாய்ந்து, மூச்சிரைக்காமல் நாலு வார்த்தை பேசுவது சின்ன விஷயமா, சொல்லுங்கள்?