அரசர் முகம் ஏறாத பொதிகள்

1790 வாக்கில், பாரிசுக்கு அருகே ழூயி என்ற ஊரிலிருந்த ஓபர்காம்ப்பின் அச்சுப் பட்டறை, பதினாறாம் லூயி மன்னரைச் 'சுதந்திரத்தை மீட்டுத் தந்தவர்' என்று போற்றும் படத்துணி ஒன்றைப் போட்டது. அரச குடும்பத்தைத் துணியில் அச்சடித்து விற்பது அன்றைய ஐரோப்பாவில் நல்ல வியாபாரம். துவைத்தாலும் போகாத சாயத்தின் சூட்சுமமோ நம் கரையிலிருந்து போனது. கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பதில் தொடங்கி, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்புப் பிடிப்பது வரை ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ 1742-ல் விவரமாக எழுதி அனுப்பினார். அந்தச் சிவப்பைத் தரும் சாயவேர், முத்துக்குளிப்பு நடந்த மன்னார்க் கரையின் மணலில் தானாக விளைவது. 1658 முதல் தூத்துக்குடியை வைத்திருந்த டச்சுக் கம்பெனி இங்கிருந்து ஏராளமாகத் துணி ஏற்றியது. அதில் பெரும்பகுதி வெள்ளைத் துணியும் சாயத் துணியும்தான். அரசர் முகம் இந்தக் கரையில் ஏன் ஒரு சரக்காகவில்லை?

கைத்திறன் போதவில்லை என்பது நிற்காது. இன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கும் 17-ம் நூற்றாண்டுச் சோழமண்டலத் திரைச்சீலையின் 7 பகுதிகளிலும் அரசவைகளும் பலநாட்டு மனிதர்களும் கலம் என்ற எழுதுகோலால் வரையப்பட்டிருக்கிறார்கள். மன்னரை வரைவது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார்களோ? ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தின் சுவர்களில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி (1713–1725) அரசியரோடும் இருக்கிறார், ஐரோப்பியரோடும் இருக்கிறார். சுவர் வேறு, மேனியில் படும் துணி வேறு என்று யாரேனும் மடக்கலாம். ழூயித் துணியும் பெரும்பாலும் கட்டில் திரைக்கும் சுவருக்கும் போனதுதான்.

என் கணக்கில் காரணம் காலம். நினைவுத் துணி என்பது செய்தி. ஆறிப்போனால் விலை போகாது. ஹாலந்திலிருந்து கீழ்த்திசைக்குக் கப்பல் வர ஏறக்குறைய 8 மாதம். அதன்பின் வியாபாரி முன்பணம் வாங்கி நெசவாளருக்குக் கொடுத்து, துணி நெய்து, வெளுத்து, சாயம் ஏற்றி, கொழும்பு வழியாகத் திரும்பி அனுப்ப 2 வருஷமாவது ஓடிவிடும். 1790-ல் லூயி படத்துக்கு இங்கே ஆர்டர் கொடுத்திருந்தால், சரக்கு போய்ச் சேரும்போது முடியாட்சியே ஒழிந்திருக்கும். 1793 ஜனவரியில் அவர் தலையும் போயிற்று. ஐரோப்பியக் குடும்பங்களின் மரபுச் சின்னங்களைச் சோழமண்டலத்தில் வரைந்து வாங்கினார்களே என்று கேட்கலாம். வாங்கினார்கள். குலச்சின்னத்துக்குத் தேதி கிடையாது. பேரன் காலத்திலும் செல்லும். ழூயி வியாபாரிக்கோ வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தார். 1752-ல் டப்ளின் அருகே பிரான்சிஸ் நிக்சன் பழக்கத்துக்குக் கொண்டுவந்த செம்புத் தகடும் கையில் இருந்தது. ஒருமுறை செதுக்கினால் நூறு துணி அடிக்கலாம். கலம் பிடித்தவர் ஒவ்வொரு முகத்தையும் புதிதாக வரைய வேண்டும்.

தூத்துக்குடி 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் பீஸ்கள் இந்தியச் சந்தையில் குவிந்தபோது, நம் ராஜாக்களும் தெய்வங்களும் அவற்றோடு வந்தார்கள். துணியில் அச்சாகி அல்ல, பீஸின் மேல் ஒட்டிய காகித லேபிளில்.