முகம் முதலில், முதுகு பிறகு



போன வாரம் ராயப்பன்பட்டியிலிருந்து தேனி போகும்போது பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு நீள லாரி, அதன்மேல் காற்றாலை இறக்கை. கண்ணாடி மாதிரி வழவழப்பு. "நல்ல பெயிண்ட்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "பெயிண்ட் பிறகுதான் சார். அந்த வழவழப்பு அச்சுலேயே வந்துரணும்." என்னிடம் படித்த மாணவர். பத்து வருடமாக ஓர் இறக்கை ஆலையில் வேலையாம்.

அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. 55 கிலோவாட் அளவிலான சிறிய இயந்திரங்கள். அந்தக் காலத்தில் கண்ணாடி இழைத் துணியைத் திறந்த அச்சில் விரித்து, பிரஷ்ஷாலும் ரோலராலும் ரெசினைப் பூசி இறக்கை செய்வார்கள். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரின் ஆவியை வேலை செய்பவர் சுவாசிக்க வேண்டும். தரமும் அவர் கைப்பக்குவத்தைப் பொறுத்தது.

மாற்று வழி புதிதல்ல. 1940களிலேயே அமெரிக்காவில் படகு செய்ய, வெற்றிடத்தால் ரெசினை உறிஞ்ச வைக்கும் முறையை முயன்றார்கள். 1990இல் வில்லியம் சீமன் என்பவர், ரெசின் வேகமாகப் பரவ ஒரு வலையடுக்கு வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1940இல் மரச்சாமான் கம்பெனியாகத் தொடங்கிய டென்மார்க்கின் எல்.எம். நிறுவனம், பிறகு இறக்கை செய்யத் தொடங்கி, பெங்களூரு பக்கம் ஹொஸ்கோட்டேயிலும் ஆலை வைத்தது.

செட்டிநாட்டுச் சுவரில் வழவழப்பு கடைசிப் பூச்சில் வரும். இங்கே தலைகீழ். முதலில் அச்சை மெருகேற்றி மெழுகு தடவுகிறார்கள். அதன்மேல் ஜெல்கோட். அதுதான் இறக்கையின் முகம். பிறகு மெல்லிய இழை விரிப்பு, அதன் பின்னால் கனத்த துணிகள். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஓரங்களை ஒட்டி, பம்பால் காற்றை இழுக்கிறார்கள். பம்பை மூடிவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கினால் எங்கோ ஓட்டை. அதைக் கண்டுபிடிக்காமல் ரெசினை விட்டால் உள்ளே காற்றுக்குமிழி, மேலே ஊசித்துளி. அவசரப்பட்டுச் சூடேற்றினால் ரெசின் சுருங்கி, துணியின் நெசவு முகத்தில் தெரியும். உறைப் பக்கம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் இரண்டு பாதிகளைத் தனித்தனி அச்சில் செய்து, வழவழப்பு வெளியே, சொரசொரப்பு உள்ளே வரும்படி ஒட்டுகிறார்கள்.

இது அழகுக்காக மட்டுமல்ல. முன்விளிம்பு மழையிலும் புழுதியிலும் தேய்ந்து சொரசொரப்பானால் காற்று சரியாகத் தழுவிப் போகாது, மின்சாரம் குறையும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் சுழலும் இறக்கைகளுக்கும் இதே கணக்குதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியபோது இவரை வகுப்பு முன்னால் "எதுக்கும் லாயக்கில்ல" என்று சொன்னவன் நான்தான். அன்று பஸ்ஸில் அதை ஞாபகப்படுத்தி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அதெல்லாம் மறந்துபோச்சு" என்றார். மறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ரெசின் இறுகிவிட்டால் நெசவுத் தடத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சற்று முன்புதான் அவர் சொல்லியிருந்தார்.

இன்று வகுப்பெடுக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகள் இதை நினைவில் வையுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நான் எழுதியதில் பிழை இருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள்.