எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

போன வாரம் ஓசூரிலிருந்து மகன் வந்திருந்தான். கம்பெனி அவனை மூன்று வருடத்துக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அனுப்புகிறது. மருமகளும் பேத்தியும் உடன் போகிறார்கள். வீடு, விசா, குளிருக்கு உடுப்பு எல்லாம் ஒரு மணி நேரத்தில் பேசி முடித்தாயிற்று. பேத்தியின் பள்ளி விஷயம் மட்டும் ராத்திரி பதினொன்று வரை முடியவில்லை. அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. "நீங்க வாத்தியாரா இருந்தவர்தானே, ஒரு வழி சொல்லுங்கப்பா" என்றான். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவனுக்குப் பழைய கதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தளியில் குடியிருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதுக் கேள்வி அல்ல. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீசில் தமிழ் என்று வாழ்கிற ஊர் இது. 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடமானபோது, தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த பெற்றோர் கலங்கிப் போனார்கள். 2016-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியபோது விவகாரம் நீதிமன்றம் வரை போய் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. வீட்டை விட்டு நகராமலே இவ்வளவு சிக்கல் என்றால், கடல் கடந்து போனவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

ஓசூர் அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. ஆரம்பத்தில் தனி ஆட்களாகப் போனவர்கள், பிறகு குடும்பத்தோடு போக ஆரம்பித்தார்கள். குழந்தைகளும் போனால் பள்ளி வேண்டுமே. 1922-ல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கூலிகளை அனுப்புவதில் இந்திய அரசின் கண்காணிப்பு கூடியது. அடுத்த வருடமே மலாயாவில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்து நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று அது சொன்னது.

சட்டம் சொன்ன பள்ளி எப்படி இருந்தது? பல தோட்டங்களில் லயத்தை ஒட்டி ஒரு கொட்டகை. வாத்தியார் என்று பெயர் பெற்றவர் ஒரு கிராணியாகவோ, கங்காணியாகவோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியாகவோ இருப்பார். பாடப்புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும். மலாயாவில் பிறந்த குழந்தை காவிரியைப் பற்றிப் படிக்கும், தன் ஊர் ஆற்றின் பெயர் அதன் புத்தகத்தில் இருக்காது. பத்துப் பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

இதைப் படிக்கும்போது 'பெற்றோர் விவரம் இல்லாதவர்கள்' என்று தோன்றும். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன். இப்போது யோசித்தால் அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் கணக்கு வேறு. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவோம் என்பதே அவர்கள் எண்ணம். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். திரும்பப் போகிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரிந்தால் போதும். அதைத்தான் தோட்டத்துப் பள்ளி கொடுத்தது. டவுனில் இங்கிலீஷ் பள்ளிகள் இருந்தன. 1816-ல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், 1893-ல் கோலாலம்பூரில் வந்த விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் போன்றவை பேர்பெற்றவை. ஆனால் தோட்டத்திலிருந்து டவுன் தூரம். சம்பளம் கட்டவும் பணம் வேண்டும்.

அதே மலாயாவுக்கு யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் போனார்கள். அங்கே அமெரிக்க மிஷனரிகள் 1823-லேயே வட்டுக்கோட்டையில் செமினரி நடத்தியவர்கள். இங்கிலீஷ் படித்த யாழ்ப்பாணத்தார் ரயில்வேயிலும் அரசு ஆபீசுகளிலும் குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளில் அமர்ந்தார்கள். குடியிருப்பும் டவுனில். பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளியில் போட்டார்கள், அடுத்த தலைமுறையில் டாக்டரும் வக்கீலும் வந்தார்கள். இரண்டு கூட்டமும் பேசியது தமிழ். தோட்டத்துத் தகப்பனுக்குத் தேர்ந்தெடுக்க இரண்டு பள்ளிகள் இருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பிறகு காலம் மாறியது. 1938-ல் கூலி ஆட்கள் போவதை இந்திய அரசு நிறுத்தியது. யுத்தம் வந்தது. 1957-ல் மலாயா சுதந்திரம் பெற்றபோது, திரும்பிப் போவோம் என்றிருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கியவர்கள் ஆகிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிகளை அரசு ஏற்றுக்கொண்டது, ஆனால் ஆரம்பப் பள்ளியோடு சரி. ஆறு வருடம் தமிழில் படித்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்கு முன்னால் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அந்த ஒரு வருடத்தில் படிப்பை விட்டவர்கள் பலர்.

சரி, இங்கிலீஷ் பள்ளியில் போட்டவர்களாவது தப்பித்தார்களா? 1970 முதல் அந்தப் பள்ளிகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. பக்கத்து சிங்கப்பூரில் நேர்மாறாக எல்லாம் இங்கிலீஷுக்குப் போனது. அங்கே கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. எந்தத் தகப்பனாலும் இதையெல்லாம் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது.

வளைகுடாவுக்குப் போனவர்கள் கதை வேறு. அங்கே குடியுரிமை கிடைக்காது, திரும்பியே ஆகவேண்டும். அதனால் சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் இந்தியப் பள்ளிகளிலேயே சேர்த்தார்கள். 1990-ல் குவைத் யுத்தத்தின்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இரண்டு மாதத்துக்குள் விமானத்தில் திரும்பினார்கள். கையில் பெட்டிகூட இல்லாமல் வந்த பிள்ளைகளும் இங்கே அதே பாடத்தைத் தொடர முடிந்தது.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை மகனிடம் சொன்னேன்: "பள்ளியைத் தேடாதே. முதலில் நீயும் அவளும் உட்கார்ந்து, திரும்பி வருகிறோமா என்று பேசி முடிவு செய்யுங்கள்."

ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்தில் நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் வரை நேராகக் கொண்டுபோகும் பள்ளிக்கு ஜிம்னாசியம் என்று பெயர், மற்றவை வேறு. தங்கப் போகிறவர்கள் என்றால் இப்போதே ஜெர்மன் பள்ளியில் சேர்க்க வேண்டும். செலவு இல்லை, ஆனால் ஒன்றரை வருடத்தில் புது மொழியில் அவள் தேறியாக வேண்டும். மூன்றே வருடத்தில் திரும்புவதானால் இங்கிலீஷில் நடக்கும் சர்வதேசப் பள்ளி சரிப்படும். கட்டணம் கம்பெனி கொடுக்குமா என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு வருஷம்னுதான்ப்பா சொல்லியிருக்காங்க" என்றான். மருமகள் அவன் முகத்தைப் பார்த்தாள். மலாயாவுக்குப் போனவர்களும் மூன்று வருடம், ஐந்து வருடம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. என் பங்குக்கு மூன்றாம், நாலாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்கள் இரண்டையும் பேத்தியின் பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கே ஈழத்தமிழர்கள் தமிழாலயம் என்று வார இறுதிப் பள்ளி நடத்துகிறார்களாம், விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நானே மறுபடியும் வாத்தியார்.